லைட்வெயிட்டில் யார் பெரியவர்? சேலத்தில் இந்த வாதத்தை உருப்படியாக நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் குத்துச்சண்டை பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் பார்ப்பவர்கள் விடாமல் பார்ப்பார்கள். லாஸ் வேகஸில் சனிக்கிழமை இரவு நடக்கும் பெரிய சண்டை நமக்கு ஞாயிறு காலை எட்டரை, ஒன்பதரை மணிக்கு வருகிறது. இட்லி சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும். சண்டை பதினொரு மணிக்குள் முடிந்துவிடும், பேச்சு முடியாது. சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: எல்லாக் காலத்துக்கும் சேர்த்து மிகப் பெரிய லைட்வெயிட் யார்?

ஹெவிவெயிட் என்றால் பாதிப் பேர் அலி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். லைட்வெயிட்டில் அப்படி முடிவதில்லை. ஜோ கான்ஸ், பென்னி லெனார்ட், டுரான், விட்டேக்கர் என்று நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள், நாலுக்கும் நியாயம் இருக்கும், அரை மணி நேரத்தில் பேச்சு எங்கேயோ போய்விடும். விஷயம் தெரியாததால் அப்படி ஆவதில்லை. எதை எண்ணுவது, எதை விடுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளாததால்தான் ஆகிறது. லைட்வெயிட் எடையான 135 பவுண்டுக்குள் செய்ததை மட்டும்தான் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. கீழே சொல்வது எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

ஆளும் இடமும்

பேச நாலு பேர், நடுவர் ஒருவர். இதற்கு மேல் ஆள் சேர்த்தால் கூச்சல்தான். பட்டிமன்றம் நமக்குப் பழகிய வடிவம், அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு மாற்றம்: நடுவர் நகைச்சுவை சொல்லக் கூடாது, நேரம் பார்க்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம், மறுப்புக்கு ஐந்து.

நடுவராக யாரைப் போடுவது? குத்துச்சண்டையே பார்க்காத ஒருவரைப் போடலாம் என்பார்கள். வேண்டாம், அவர் நாக்-அவுட் எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். சண்டை தெரிந்தவராக, ஆனால் யாருக்கும் ரசிகர் இல்லாதவராக வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் விசிலை எடுத்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படி ஒருவர் உங்களுக்கும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இடம் முக்கியம். தட்டுவடை செட் வண்டிப் பக்கம் நின்று ஆரம்பிக்காதீர்கள். கடைக்காரருக்கு வியாபாரம் கெடும், உங்களுக்கும் நாலாவது செட்டுக்கு மேல் வயிறு இடம் தராது. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் பட்டறை, மொட்டை மாடி, தெரிந்தவர் வீட்டுத் திண்ணை, இவை போதும். ஏற்காடு போவதானால் மேலே போய்ச் சேர்ந்த பிறகு பேசுங்கள். கொண்டை ஊசி வளைவு இருபது இருக்கிறது, பாதி வழியில் டுரான் ரசிகருக்கும் விட்டேக்கர் ரசிகருக்கும் தலை சுற்றிவிட்டால் வாதம் அங்கேயே டிரா. மே மாதக் கோடை விழா நாட்களில் மலைக்குப் போகவே வேண்டாம், ஏரிப் பக்கம் உட்கார இடம் இருக்காது.

எடையைக் கட்டுங்கள்

லைட்வெயிட் என்றால் 135 பவுண்டு, நம் கணக்கில் 61 கிலோவுக்குச் சற்று மேல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரும்பாலும் 133 பவுண்டு என்றுதான் கட்டுவார்கள். இரண்டு பவுண்டு என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சண்டைக்கு முன் கடைசி இரண்டு பவுண்டைக் குறைத்தவரைக் கேட்டால் சொல்வார்.

எடை எப்போது பார்க்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். பழைய காலத்தில் சண்டை நாளிலேயே தராசில் ஏற வேண்டும். இப்போது முந்தின நாளே பார்த்துவிடுகிறார்கள். ஒரு ராத்திரி கிடைத்தால் போதும், தண்ணீரும் சாப்பாடும் ஏறி, மறுநாள் மேடையில் நிற்பவர் உண்மையில் லைட்வெயிட்டே இல்லை. 1906-ன் 133-ம் இன்றைய 135-ம் ஒன்றல்ல என்பதை நடுவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 'இன்றைய ஆள் அந்தக் காலத்து ஆளைத் தூக்கிப் போட்டுவிடுவான்' என்று யாராவது கிளம்புவார்கள். கிளம்பினால் ஒரே பதில்: இன்றைய ஆளையும் சண்டை நாள் காலையில் தராசில் ஏற்று, அப்புறம் பேசலாம்.

அடுத்த விதிதான் இந்த வாதத்தின் உயிர். மேல் எடைக்குப் போய் ஒருவர் செய்த சாதனையோ, பட்ட அவமானமோ கணக்கில் வராது. டுரான் 1980 ஜூனில் மான்ட்ரியாலில் சுகர் ரே லெனார்டை வென்றது வெல்டர்வெயிட்டில். அதே ஆண்டு நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் சண்டை நடுவே கையை உதறிவிட்டு நின்றதும் வெல்டர்வெயிட்டில்தான். இரண்டையும் வெளியே வையுங்கள். டுரான் ரசிகருக்கு முதலாவதை விட மனசு வராது, எதிரணிக்கு இரண்டாவதை விட மனசு வராது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வலித்தால் விதி சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சிறு எச்சரிக்கை. இந்த வாதத்தில் லெனார்ட் இரண்டு பேர். பென்னி லெனார்ட் 1917 முதல் 1925 வரை லைட்வெயிட் சாம்பியன். சுகர் ரே லெனார்ட் லைட்வெயிட் பட்டத்துக்குப் போட்டியிட்டதே இல்லை. 'பென்னி', 'சுகர் ரே' என்றே கூப்பிடுங்கள்.

காலத்துக்குக் காலம் ஆட்டம் வேறு

மூன்று மாற்றங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, ரவுண்டு. கான்ஸ் காலத்தில், அதாவது 1900-களின் தொடக்கத்தில், இருபது ரவுண்டு சாதாரணம். ஒருவர் விழும்வரை நடக்கும் சண்டைகளும் உண்டு. பிறகு பட்டப் போட்டி பதினைந்து ரவுண்டு ஆனது, அதன்பின் பன்னிரண்டு. இந்தக் கடைசி மாற்றத்துக்குக் காரணமே ஒரு லைட்வெயிட் சண்டைதான். 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகஸில் ரே மான்சினியும் கொரியாவின் கிம் டுக்-கூவும் மோதினார்கள். பதினான்காவது ரவுண்டில் விழுந்த கிம் சில நாளில் இறந்துபோனார். உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் உடனே பன்னிரண்டாகக் குறைத்தது, மற்ற அமைப்புகளும் அந்தப் பத்தாண்டுக்குள் பின்னால் வந்தன. அதனால் டுரான் பட்டத்தைக் காத்தது பதினைந்து ரவுண்டுக் கணக்கில், விட்டேக்கர் காத்தது பன்னிரண்டில். விட்டேக்கர் மூன்று ரவுண்டு கூட ஆடியிருந்தால் களைத்திருப்பாரா? எதிராளிதான் காற்றைக் குத்திக் குத்திக் களைத்திருப்பார் என்பது என் எண்ணம். ஆனால் கேள்வி நியாயமானது.

இரண்டாவது, தீர்ப்பு. நியூயார்க்கில் 1911 முதல் 1917 வரை இருந்த சட்டப்படி சண்டையில் பாயின்ட் தீர்ப்பே கிடையாது. இரண்டு பேரும் நின்றுகொண்டே முடித்தால் வெற்றி தோல்வி இல்லை. யார் ஜெயித்தார் என்று மறுநாள் பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். வேறு சில மாநிலங்களிலும் இதே கதைதான், 1920-களிலும் தொடர்ந்தது. பென்னியின் இருநூறுக்கும் மேற்பட்ட சண்டைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. இந்த ஏற்பாட்டில் சாம்பியன் பட்டத்தை இழக்க வேண்டுமானால் விழுந்தாக வேண்டும். பென்னியின் எதிரணி இதைத்தான் முதலில் பிடிக்கும்.

மூன்றாவது, பெல்ட், அதாவது சாம்பியன் பட்டம். கான்ஸ், பென்னி காலத்தில் உலக சாம்பியன் என்றால் ஒருவர். டுரான் காலத்தில் பட்டம் கொடுக்கும் அமைப்பு இரண்டு, விட்டேக்கர் காலத்தில் மூன்று, நாலு. 'எத்தனை பெல்ட்' என்று எண்ணாதீர்கள், 'அவர் காலத்தில் அவரைத் தவிர வேறு யாராவது தன்னைச் சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள முடிந்ததா' என்று கேளுங்கள்.

பட்டியலைக் கழியுங்கள்

இந்த இடத்தில்தான் சத்தம் வரும். எடை விதியைப் போட்டதும் பெரிய பெரிய பெயர்கள் விழுந்துவிடும்.

ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஒரே நேரத்தில் மூன்று எடைப் பட்டங்களைக் கையில் வைத்திருந்தவர். ஆனால் லைட்வெயிட் பட்டம் அவரிடம் இருந்தது 1938 ஆகஸ்டிலிருந்து 1939 ஆகஸ்ட் வரைதான். லூ ஆம்பர்ஸிடம் வாங்கினார், ஆம்பர்ஸிடமே கொடுத்தார். ஜூலியோ சீசர் சாவேஸ் 1987-ல் எட்வின் ரொசாரியோவை அடித்த அடி இந்த எடையில் நான் பார்த்த மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. ஆனாலும் சீக்கிரமே மேலே போய்விட்டார். மேவெதர் 2002-ல் கஸ்டியோவோடு மோதிய முதல் சண்டையில் வென்றாரா என்பதே இன்றுவரை சண்டை. அலெக்சிஸ் ஆர்கெய்யோவின் பெருமை பெரும்பாலும் கீழ் எடைகளில். லோமசெங்கோ 2018-ல் வந்து 2020-ல் டியோபிமோ லோபஸிடம் பட்டங்களை இழந்தார்.

பாக்கியாவ் பெயரைச் சொல்லாமல் விட்டால் யாராவது ஒரு தம்பி கட்டாயம் கேட்பான்: "ஏங்ண்ணா, பாக்கியாவ விட்டுட்டீங்களேங்க?" சாந்தமாகப் பதில் சொல்லுங்கள். பாக்கியாவ் இந்த எடையில் பட்டத்துக்கு ஆடியது ஒரே தடவை, 2008-ல் டேவிட் டயஸை வீழ்த்தியபோது. எட்டு எடைகளில் சாம்பியன் என்பது வேறு வாதம், அதற்கு வேறு ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.

டோனி கன்சோனேரி, ஐக் வில்லியம்ஸ், ஜோ பிரௌன், கார்லோஸ் ஒர்டிஸ் இவர்கள் இரண்டாம் வரிசை. குறைத்துச் சொல்லவில்லை. ஒர்டிஸ் மணிலாவுக்கே போய் அந்த நாட்டுப் பிள்ளை எலோர்டேயை வென்று வந்தவர். வேறு எந்த எடையிலும் இவர்கள் முதல் வரிசையில் இருப்பார்கள். மிஞ்சுவது நாலு பேர்.

நாலு கட்சி

சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அவரவருக்குப் பிடித்தவரை அவரவர் எடுத்தால் வாதம் வளராது. பிடிக்காத கட்சி விழுந்தவர்தான் நன்றாகப் படித்துக்கொண்டு வருவார்.

*ஜோ கான்ஸ்.* பால்டிமோர்க்காரர், அமெரிக்காவில் பிறந்த கறுப்பர்களில் முதல் உலக சாம்பியன். 1900-ல் ஃபிராங்க் எர்னிடம் கண்புருவ வெட்டோடு தோற்றார். 1902 மே மாதம் அதே எர்னை முதல் ரவுண்டிலேயே படுக்க வைத்துப் பட்டத்தை எடுத்தார். குத்து எப்படி வரும், எந்தப் பக்கம் திரும்பினால் வெறும் காற்றாகப் போகும் என்பதை ஒரு படிப்பாகவே ஆக்கியவர் என்று பிற்காலத்துப் பயிற்சியாளர்கள் இவரைத்தான் சொல்வார்கள்.

கான்ஸ் கட்சிக்காரர் முழு நேரத்தையும் ஒரே சண்டைக்குக் கொடுக்கலாம்: 1906 செப்டம்பர் 3, நெவாடா பாலைவனத்தில் கோல்ட்ஃபீல்ட் என்ற தங்கச் சுரங்க ஊர், எதிராளி பேட்லிங் நெல்சன். முடிவு தெரியும்வரை சண்டை. சாம்பியன் கான்ஸ்தான், ஆனால் வெள்ளைக்காரரான நெல்சனுக்கு ஏறக்குறைய இரு மடங்கு பணம். எடை நிபந்தனையும் நெல்சன் பக்கம் போட்டதுதான்: 133 பவுண்டு, சண்டை நாளிலேயே. வெயிலில் நாற்பத்திரண்டு ரவுண்டு போனது. கடைசியில் இடுப்புக்குக் கீழே குத்தியதற்காக நெல்சனைத் தகுதி நீக்கம் செய்து கான்ஸுக்கு வெற்றி கொடுத்தார்கள். நெல்சன் அடி வாங்க அஞ்சாதவர். அப்படிப்பட்டவர் அந்தக் குத்தைக் குத்தினார் என்றால், நேர் வழியில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது என்பது கான்ஸ் கட்சியின் வாதம். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

எதிரணி எடுப்பது 1900 டிசம்பர், சிகாகோ. டெரி மெக்கவர்னிடம் இரண்டாவது ரவுண்டில் கான்ஸ் விழுந்த விதம் யாருக்கும் நம்பும்படி இல்லை. அந்த ஊழல் நாற்றத்தில் அந்த ஊரில் குத்துச்சண்டையையே தடை செய்தார்கள். கறுப்பினச் சண்டைக்காரருக்கு 'விழு' என்று சொன்னால் விழாமல் பிழைப்பு நடத்த முடியாத காலம் அது என்பது மறுப்பு. 1908-ல் நெல்சனிடம் இரண்டு தடவை தோற்றதையும் எடுப்பார்கள். கான்ஸ் 1910 ஆகஸ்டில் காசநோயால் இறந்தவர் என்பதைச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

*பென்னி லெனார்ட்.* நியூயார்க் கிழக்குப் பகுதி யூதக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1917 மே மாதம் ஃப்ரெடி வெல்ஷை ஒன்பதாவது ரவுண்டில் முடித்துப் பட்டம் வாங்கினார். 1925 ஜனவரியில் தாயார் கேட்டுக்கொண்டதால் சாம்பியனாகவே ஓய்வு பெற்றார். ஏழரை ஆண்டு. பட்டத்தை மேடையில் யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை.

பென்னியின் பலம் தலைக்குள்ளே இருந்தது. 1920-ல் பென்டன் ஹார்பரில் சார்லி ஒயிட் இவரைக் கயிற்றுக்கு வெளியே அனுப்பினார். ஏறி வந்து ஒன்பதாவது ரவுண்டில் ஒயிட்டை வீழ்த்தினார். 1921-ல் ரிச்சி மிட்செலை முதல் ரவுண்டிலேயே மூன்று முறை கீழே தள்ளியவர், அதே ரவுண்டில் தானும் விழுந்தார். எழுந்து தெளிந்து ஆறாவதில் முடித்தார். 1922-ல் இடதுகைக்காரர் லூ டென்ட்லரிடம் பலமாக அடி வாங்கிக் கால் தள்ளாடியபோது, டென்ட்லரிடம் பேச்சுக் கொடுத்து அவர் கவனத்தைத் திருப்பிச் சமாளித்தார். அடுத்த ஆண்டு யாங்கீ ஸ்டேடியத்தில் அதே டென்ட்லரைப் பதினைந்து ரவுண்டில் தெளிவாக வென்றார். ஒருமுறை பார்த்த ஆளை இரண்டாம் முறை அவிழ்த்துப் போடுவதில் இவருக்கு ஈடு குறைவு.

எதிரணிக்கு ஆயுதம் ஏற்கனவே சொன்னதுதான்: தீர்ப்பில்லாச் சண்டைகள். மெக்லார்னினிடம் 1932-ல் வாங்கிய அடியை எடுத்தால் நடுவர் விசில் ஊத வேண்டும். அது பங்குச் சந்தையில் பணம் போனதால் திரும்பி வந்த வயதான பென்னி, எடையும் வேறு.

*ராபர்டோ டுரான்.* பனாமாவின் எல் சொரியோ சேரியிலிருந்து வந்தவர். 1972 ஜூன் 26, நியூயார்க், எதிரே ஸ்காட்லாந்தின் கென் புக்கானன். பதின்மூன்றாவது ரவுண்டு முடியும் மணியை ஒட்டி ஒரு குத்து, புக்கானன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், பட்டம் டுரானுக்கு. குத்து கீழே விழுந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். அதுவரை டுரான் முன்னே போய்க்கொண்டிருந்தார் என்பதையும் யாரும் மறுக்கக் கூடாது. புக்கானனுக்கு மறு வாய்ப்புக் கொடுக்கவே இல்லை. இது டுரான் கட்சியின் மெலிந்த இடம், கேட்டால் மழுப்பாமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பன்னிரண்டு முறை பட்டம் காத்தார், பதினொன்று நாக்-அவுட். கடைசி மணிவரை நின்றவர் எட்வின் விருவெட் மட்டும். எண்ணிக்கையைச் சொல்லி நிறுத்தாதீர்கள், எஸ்டபன் டி ஹெசுஸுக்கு வாருங்கள்.

1972 நவம்பரில் புவெர்ட்டோ ரிக்கோவின் டி ஹெசுஸ் டுரானை முதல் ரவுண்டிலேயே இடது ஹுக்கில், அதாவது பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்தில், தரையில் உட்கார வைத்து, பத்து ரவுண்டு முடிவில் பாயின்டில் வென்றார். டுரானின் வாழ்க்கையில் முதல் தோல்வி. 1974 மார்ச்சில் பனாமாவில் மறுபடி, இந்தமுறை பட்டத்துக்கு. மறுபடியும் முதல் ரவுண்டில் அதே ஹுக், மறுபடியும் டுரான் கீழே. ஒரே ஆள் ஒரே குத்தில் இரண்டாம் தடவை உங்களை விழ வைத்தால் மனசுக்குள் என்ன ஓடும்? டுரான் எழுந்து உடம்பில் அடிக்க ஆரம்பித்தார். ரவுண்டுக்கு ரவுண்டு நெருங்கி, தோளால் தள்ளி, விலாவில் குத்தி, பதினொன்றாவதில் டி ஹெசுஸை நாக்-அவுட்டில் வீழ்த்தினார். மூன்றாவது, 1978 ஜனவரி, லாஸ் வேகஸ். அதற்குள் மற்றொரு அமைப்பின் பட்டம் டி ஹெசுஸிடம் இருந்தது. இதில் நீங்கள் பார்ப்பது காட்டுத்தனமான டுரான் அல்ல. தலையை நகர்த்தி அந்த ஹுக்கை வெறுமையாக்கி, பொறுத்திருந்து, பன்னிரண்டாவதில் முடிக்கும் டுரான். இரண்டு பட்டமும் ஒருவர் கையில் வந்தன. 1972-ன் டுரானையும் 1978-ன் டுரானையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், ஒரு சண்டைக்காரர் எப்படிப் படிக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

எதிரணியின் நல்ல கேள்வி இது: முதல் சண்டை பட்டத்துக்கு நடந்ததல்ல. பட்டத்துக்கு நடந்திருந்தால் சாம்பியனாகி ஐந்தே மாதத்தில் டுரான் முன்னாள் சாம்பியன். பென்னிக்குத் தீர்ப்பில்லாச் சண்டை பாதுகாப்பு என்றால், டுரானுக்குப் பட்டமில்லாச் சண்டை பாதுகாப்பு இல்லையா? எங்கள் பி.டி. சார் இதைக் கேட்டபோது டுரான் கட்சி வாயடைத்துப் போனது. பதில் ஒன்றுதான்: டுரான் அந்தத் தோல்விக்கு அதே எடையில் இரண்டு தடவை பதில் சொன்னார்.

*பெர்னல் விட்டேக்கர்.* இடதுகைக்காரர், 1984 ஒலிம்பிக் தங்கம். 1988-ல் பிரான்சில் ஹோசே லூயிஸ் ராமிரெஸிடம் தோற்றதாகத் தீர்ப்பு வந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு அதே ராமிரெஸைத் தன் ஊர் நார்ஃபோக்கில் வைத்து, வாதத்துக்கே இடமில்லாமல் வென்றார். 1990-ல் கானாவின் அசுமா நெல்சனை அலைக்கழித்தார், அதே ஆண்டு ஹுவான் நசாரியோவை முதல் ரவுண்டில் முடித்து, டுரானுக்குப் பிறகு எல்லாப் பெரிய பட்டங்களையும் ஒன்று சேர்த்த முதல் லைட்வெயிட் ஆனார். அவரை அடிப்பதே பெரும்பாடு. குனிவார், பின்னால் சாய்வார், முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார். 'ஓடிக்கொண்டே ஜெயித்தார்' என்பவர்கள் அவரது வலது ஜாபை, அந்த நேர்க் குத்தை, மட்டும் ஒரு ரவுண்டு முழுக்கப் பார்க்கட்டும். சாவேஸோடு 1993-ல் கொடுத்த அநியாய டிரா இந்த எடையில் நடந்ததல்ல. கோபம் வரும், ஆனாலும் விடுங்கள்.

டச் பாருங்கள்

கொலுசுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மெருகு எல்லா வெள்ளியிலும் ஏறும், டச், அதாவது வெள்ளியின் சுத்தம், எவ்வளவு என்பதுதான் விலை. சண்டைக்காரரின் பதிவும் அப்படித்தான். வெற்றி எண்ணிக்கை மெருகு, யாரை வென்றார் என்பது டச்.

ஆளுக்கு ஐந்து பெயர் எழுதச் சொல்லுங்கள்: இந்த எடையில் வென்ற சிறந்த ஐந்து எதிராளிகள். அவர்கள் அந்த நேரத்தில் உச்சத்தில் இருந்தார்களா, இறங்கிக்கொண்டிருந்தார்களா என்று பக்கத்தில் குறிக்கவும். பென்னியின் தாள் இங்கே கனக்கும்: வெல்ஷ், மிட்செல், ஒயிட், டென்ட்லர், ராக்கி கான்சஸ். டுரானின் தாளில் டி ஹெசுஸும் புக்கானனும் பளிச்சென்று நிற்பார்கள், ஜப்பானின் இஷிமட்சுவும் இருப்பார். அதன்பின் கொஞ்சம் இறங்கும். இதை ஒப்புக்கொள்ளாத டுரான் ரசிகரோடு பேசுவதில் பயனில்லை. விட்டேக்கரின் தாளில் அசுமா நெல்சன் கீழ் எடையிலிருந்து வந்தவர் என்று குறிக்க வேண்டும்.

படம் போட்டுப் பாருங்கள்

வாதத்துக்கு முந்தின வாரம் எல்லாரும் சண்டைகளைப் பார்த்திருக்க வேண்டும். கோல்ட்ஃபீல்ட் சண்டையின் மௌனப் படத் துண்டுகள் கிடைக்கின்றன. கான்ஸ் எவ்வளவு குறைவாக அசைகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள், வேகத்தை அந்தக் காலத்துக் கேமராவை வைத்து எடை போடாதீர்கள். பென்னியின் படங்கள் துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன, அவருக்கு இது பெரிய நஷ்டம். அந்த நஷ்டத்தை அவர் தலையில் கட்டாமல் இருப்பது நடுவர் பொறுப்பு. டுரான், விட்டேக்கர் சண்டைகள் முழுதாகவே கிடைக்கும்.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் யார் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கமே நம் கண்ணும் போகும். தாளில் ரவுண்டுக்கு ரவுண்டு ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள். விட்டேக்கர்–ராமிரெஸ் முதல் சண்டைக்கு இது கட்டாயம். போட்டு முடித்த பிறகு அதிகாரபூர்வத் தீர்ப்பைப் பார்த்தால் ரத்தக் கொதிப்பு ஏறும், காபி குடித்துவிட்டுத் தொடரவும்.

தப்பிக்கும் வழிகளை அடைத்துவிடுங்கள்

கற்பனைச் சண்டைக்குள் யாரும் போகக் கூடாது. 'டுரானும் விட்டேக்கரும் மோதினால்' என்று தொடங்கினால் அன்றைய பொழுது போச்சு. அது சுவையான பேச்சுதான், தேநீர் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

'பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்' என்பதும் செல்லாது. 1999-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த லைட்வெயிட்டாக டுரானைத் தேர்ந்தெடுத்தது. தெரிந்துகொள்ளலாம், ஆனால் அது ஆதாரம் ஆகாது. இதற்கு நான் ஒரே விலக்குத் தருவேன்: பயிற்சியாளர் ரே ஆர்செல். திரும்பி வந்த பென்னியின் மூலையிலும் நின்றார், நாற்பது ஆண்டு கழித்து டுரானின் மூலையிலும் நின்றார். இரண்டு பேரின் மூச்சையும் பக்கத்தில் கேட்டவர். அவர் பென்னியின் மூளையையும் டுரானின் வெறியையும் ஒருசேரப் புகழ்ந்தவர் என்பதால் இரண்டு கட்சியும் அவரை இழுக்கும், இழுக்கட்டும்.

குணநலன் பேச்சும் வேண்டாம். டுரான் மேடையில் முரடர்தான். அதே டுரான், 1989-ல் எய்ட்ஸ் நோயில் சாகக் கிடந்த டி ஹெசுஸைப் பார்க்கப் போய், மற்றவர்கள் தொடவே பயந்த காலத்தில் கட்டி அணைத்தார். எனக்கு அந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். ஆனால் 135 பவுண்டுத் தராசில் அதற்கு எடை இல்லை.

தீர்ப்பு

கை தூக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் ஒன்றிலிருந்து நாலுவரை வரிசை எழுதித் தரட்டும். தான் பேசிய கட்சிக்கு முதலிடம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. முதலிடத்துக்கு நாலு, கடைசிக்கு ஒன்று என்று நடுவர் கூட்டுவார். சமமாக வந்தால் நடுவர் ஓட்டு.

என் வரிசை: டுரான், கான்ஸ், பென்னி, விட்டேக்கர். டுரானை முதலில் வைப்பது டி ஹெசுஸ் சண்டைகளுக்காக. தன்னை வென்ற ஆளை, தன்னை விழ வைத்த அதே குத்தோடு வந்த ஆளை, அதே எடையில் இரண்டு முறை நிறுத்தியது நாலு பேரில் அவர் மட்டும்தான். கான்ஸ் எர்னுக்கு ஒருமுறை பதில் சொன்னார், விட்டேக்கர் ராமிரெஸுக்கு ஒருமுறை சொன்னார். பென்னியை உச்ச காலத்தில் இந்த எடையில் யாரும் வெல்லவில்லை, பதில் சொல்லத் தேவையே வரவில்லை. அதனாலேயே பென்னிதான் முதல் என்பது சாரின் கட்சி. தோற்காதவனைவிடத் தோற்றுத் திருந்தியவன் எப்படிப் பெரியவன் ஆவான் என்று கேட்கிறார். தோற்காததில் பாதி அந்தக் காலத்துச் சட்டம் செய்த வேலை என்கிறேன் நான். இருவரும் இன்னும் அங்கேயேதான் நிற்கிறோம்.

தீர்ப்பு வந்தபின் மறுபடி கிளற விரும்புபவர் புதிதாக ஒரு சண்டையைப் பார்த்து, மதிப்பெண் போட்ட தாளோடு வர வேண்டும். வெறும் குரலோடு வந்தால் சேர்க்காதீர்கள். அடுத்த சுற்றுக்கு ஐந்தாம் இடத்தை எடுக்கலாம், ஐக் வில்லியம்ஸா ஒர்டிஸா என்று. ஒர்டிஸ் பக்கம் பேச ஆள் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே ஒருவரைப் பிடித்து வையுங்கள்.